என்ஜின் வேலை முடிந்தது, ஸ்லோவில் நிற்கவில்லை: பழைய கார் கேள்வி பதில்

அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட், மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சிலிண்டர் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, ஹெட் வேலை பார்த்து என்ஜினை மூடியாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகிறது, ரோட்டில் இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் குலுங்கி ஆஃப் ஆகிறது. அதாவது ஸ்லோவில் (காலை எடுத்த நிலையில் என்ஜின் மெதுவாக ஓடும் ஓட்டத்தில்) நிற்பதில்லை. கேட்டவர்களில் நிறையப் பேர் கார்பரேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷன், டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி), கரண்ட் (பிளக்கில் வரும் பொறி), காற்றுக் கசிவு, பெட்ரோல் வரத்து, இந்த வரிசையில் பாருங்கள். கார்பரேட்டர் ஸ்க்ரூ கடைசி. மற்றது சரியில்லாதபோது ஸ்க்ரூவைத் திருப்பினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறு வைத்து மறைக்கிறோம். பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

மதுரை, 1978 அம்பாசடர் மார்க் 3: சார், ரீபோர் செய்து, ஹெட்டில் வால்வு கிரைண்ட் பண்ணி முழு வேலையும் பார்த்தாச்சு. 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. சிக்னலில் நின்றால் வண்டியே ஆடுகிறது, அப்புறம் ஆஃப். எஸ்.யு. கார்பரேட்டரை மெக்கானிக் திரும்பத் திரும்ப செட் பண்ணிவிட்டார். இப்போது கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். எஸ்.யு.வில் ஸ்லோவுக்கென்று தனி ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை, கிடையாது. ஸ்லோவிலிருந்து முழு வேகம் வரை பெட்ரோல் தருவது ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே நீடில் (ஊசி). வேகத்தில் சுத்தமாக ஓடும் எஸ்.யு., ஸ்லோவில் மட்டும் கெட்டுப்போவது அபூர்வம்.

ஸ்லோவில் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறந்து மூடும் தகடு) ஏறக்குறைய மூடியிருக்கும். என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அந்த நேரத்தில் வேறு வழியாக நுழையும் சிறு காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். வேகத்தில் போகும்போது அதே ஓட்டை கணக்கிலேயே வராது. இறுக்கமான டேப்பெட்டும் அப்படித்தான். மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஷன் கசிய நேரம் கிடைக்கிறது, வேகத்தில் கிடைப்பதில்லை.

முதலில் டேப்பெட். இந்த 1489 சிசி என்ஜினுக்கு எட்டு வால்வுக்கும் 0.015 அங்குல இடைவெளி. முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 8வது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐ செட் பண்ணுங்கள், 6 திறந்திருக்கும்போது 3ஐ. கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். புது ஹெட் கேஸ்கெட் ஓடி உட்கார்ந்த பிறகு ஹெட் நட்டை மறுபடி டைட் வைக்க வேண்டும், அப்போது இந்த இடைவெளி மாறிவிடும். ராக்கர் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன என்பதையும் ஞாபகம் வையுங்கள். அவற்றை மட்டும் தனியாக லூஸ் பண்ணினால் ஹெட் கோணும், தண்ணீரும் உள்ளே இறங்கும். சத்தம் வரக்கூடாது என்பதற்காக டேப்பெட்டை இறுக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. எனக்கு இதில் சமரசமே கிடையாது. லேசான டிக் டிக் சத்தம் இந்த என்ஜினின் இயல்பு. இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும்.

அடுத்து, என்ஜின் ஸ்லோவில் இருக்கும்போது ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து, கழற்றிய ஒயரின் முனையை பாடியில் எர்த் ஆகும்படி வைக்க வேண்டும், சும்மா தொங்க விட்டால் காயிலுக்கு (பொறிக்கு வேண்டிய வோல்டேஜைத் தருவது) நல்லதல்ல. எந்த ஒயரைக் கழற்றினால் ஆர்பிஎம் இறங்கவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு சிலிண்டர் என்றால் பிளக், ஒயர், வால்வு. 1, 2 சேர்ந்தோ 3, 4 சேர்ந்தோ சோர்ந்து இருந்தால் மேனிஃபோல்டில் (கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாயில்) காற்றுக் கசிவு. இந்த ஹெட்டில் 1க்கும் 2க்கும் ஒரே இன்லெட் வழி, 3க்கும் 4க்கும் இன்னொன்று. ஆகவே கசிவு எப்போதும் ஜோடியாகத்தான் அடிக்கும். நடுவில் 2, 3 மட்டும் சோர்ந்திருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும்.

உங்கள் கேள்வியைப் படித்தவரை எனக்கு மேனிஃபோல்டு மேல்தான் சந்தேகம். ஒரு எண்ணெய்க் குப்பியில் என்ஜின் ஆயில் எடுத்து, மேனிஃபோல்டு ஹெட்டைச் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எங்கே விடும்போது ஓட்டம் ஒரு நொடி சீராகிறதோ அங்கேதான் கசிவு. பெட்ரோலையோ ஸ்ப்ரே கிளீனரையோ அங்கே அடிக்காதீர்கள். கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது, தீப்பிடிக்கும்.

அதே மதுரை நண்பர்: சார், நீங்கள் சொன்ன மாதிரி 3, 4 தான் செத்துக் கிடந்தது. ஆயில் விட்டதும் பின்பக்கம் சத்தமே மாறியது. ஆனால் கேஸ்கெட் புதுசு, நட்டும் நல்ல டைட். எப்படிக் கசியும்?

பதில்: அந்த நட்டின் கீழ் இருக்கும் தடித்த வாஷரைப் பாருங்கள். ஒரே வாஷர் பாதி இன்லெட் ஃபிளேஞ்ச் மேலும் பாதி எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச் மேலும் உட்காருகிறது. வேலை நடக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கோணலாக இருக்கிறதென்று லேத்தில் முகம் எடுத்திருப்பார்கள், அல்லது வேறு வண்டியின் மேனிஃபோல்டு வந்து சேர்ந்திருக்கும். இரண்டு ஃபிளேஞ்சின் தடிமனும் சமமாக இல்லாவிட்டால் வாஷர் தடித்த பக்கத்தை மட்டும்தான் அழுத்தும். நட்டு என்னதான் டைட்டாக இருந்தாலும் இன்னொரு பக்கம் லூஸ். கழற்றி, இரண்டு ஃபிளேஞ்சையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வாஷரை ஒரு பக்கம் அரத்தால் தேய்த்துப் படி வைக்கலாம். நேர்ப்பலகை வைத்து முகத்தையும் பாருங்கள். அதற்கு முன் பசை போட்டு அடைக்க வேண்டாம். வெப்பத்தில் அது கொஞ்ச நாள்கூட நிற்காது.

கசிவு நின்ற பிறகு கார்பரேட்டருக்கு வரலாம். என்ஜின் நன்றாகச் சூடானதும் எஸ்.யு.வுக்குள்ளேயே ஏறி இறங்கும் பிஸ்டனை (என்ஜின் பிஸ்டன் அல்ல) மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். ஆர்பிஎம் ஒரு கணம் ஏறி உடனே பழையபடி இறங்கினால் கலவை சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கினால், அல்லது ஆஃப் ஆகப் பார்த்தால், பெட்ரோல் குறைவு. ஜெட் நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் மட்டும் திருப்பி மறுபடி சோதியுங்கள். நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். என்ஜினை நிறுத்திவிட்டு பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட் நடுவில் இல்லை, நீடில் உரசுகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தச் செட்டிங்கும் நிற்காது.

சென்னை, பிரீமியர் பத்மினி: அண்ணா, எனக்கு உல்டா. பாதி சோக் இழுத்து வைத்தால்தான் ஸ்லோவில் ஓடுகிறது. சோக்கைத் தள்ளினால் உடனே ஆஃப். வேலை முடிந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளாக இப்படி. கார்பரேட்டர் சோலெக்ஸ்.

பதில்: உங்கள் விஷயத்தில் கார்பரேட்டரைத் திறக்கலாம். சோலெக்ஸில் ஸ்லோவுக்குத் தனி ஜெட் உண்டு. அதன் துளை மிகச் சிறியது, டேங்கிலிருந்து வரும் ஒரு துகள் போதும் அடைத்துக்கொள்ள. சோக் போட்டால் ஓடுகிறது என்றாலே கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டது அடைப்பைத்தான் காட்டுகிறது.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் அந்த ஜெட்டின் அளவே போய்விடும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், ஜெட் உட்காரும் குழிக்கும் அதற்குள் போகும் வழிகளுக்கும் காற்றடியுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். முட்டிய பிறகு இறுக்காதீர்கள். ஸ்க்ரூ முனையில் வளையம் விழுந்திருந்தால் யாரோ முன்பே இறுக்கியிருக்கிறார்கள், புது ஸ்க்ரூதான் போட வேண்டும்.

இத்தோடு விட்டால் திரும்ப அடைக்கும். வேலை நடந்த மாதங்களில் டேங்க் காலியாகக் கிடந்து உள்ளே துரு பிடித்திருக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள். அப்புறம் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதிகமாக ஆடினால் அந்த வழியாகவும் காற்று போகும். அதற்கு நல்ல லேத் பட்டறையில் புஷ் அடிப்பதுதான் வழி.

யாழ்ப்பாணம், ஆஸ்டின் ஏ50 கேம்பிரிட்ஜ்: அண்ணை வணக்கம். அப்பாவின்ர ஒஸ்ரின். சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலதான் ஓடினது, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் விடுவம். இப்ப எஞ்சினை முழுக்கச் செய்து முடிச்சாச்சு. காலமை நல்லா ஓடுது. சூடேறி அரை மணித்தியாலத்தில சந்தியில நிண்டுபோகும். ஆறவிட்டால் திரும்ப ஸ்ராட் ஆகும். மண்ணெண்ணெய் ஓடினதால வந்த பழுதோ?

பதில்: இல்லை தம்பி. மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி, ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும், கரியும் படிய வைக்கும். புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டபோதே அந்தக் கதை முடிந்தது. மேனிஃபோல்டின் உட்புறம் படிந்த கரியை யாரும் சுரண்டவில்லை என்றால் அதை மட்டும் பாருங்கள். உங்கள் ஏ50இல் இருப்பதும் அம்பாசடரில் இருப்பதும் ஒரே குடும்பத்து 1489 சிசி என்ஜின்தான், ஆகவே மதுரைக்காரருக்கு டேப்பெட், மேனிஃபோல்டு பற்றிச் சொன்னதும் உங்களுக்குப் பொருந்தும்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடுவதற்கு இரண்டு காரணங்கள்தான் முன்னால் நிற்கும்: கண்டன்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டோடு இணைந்த சின்ன உருளை), அல்லது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவது. எது என்று அறிய, நின்ற அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் ஆறிவிடும். ஒரு உதிரி பிளக்கை பாடியில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்து, ஒரு பிளக் ஒயரை அதில் மாட்டி, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'பட் பட்' என்று அடித்தால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் கண்டன்சர் அல்லது காயில். இந்தச் சோதனையைச் செய்யும்போது கார்பரேட்டரைத் திறந்து வைக்காதீர்கள்.

கரண்ட் நன்றாக இருந்தால் பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து அடித்துப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் ஆவிப் பிரச்சினைதான். பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் பைப் எக்ஸாஸ்டுக்குப் பக்கமாக ஓடுகிறதா என்று பாருங்கள். என்ஜின் இறக்கி ஏற்றும்போது அந்தப் பைப்பின் வளைவு மாறியிருக்கும்.

இன்னொன்று. ஏ50 பாசிடிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு சேர்ந்தது) வந்த வண்டி. ஆல்டர்னேட்டரோ ரேடியோவோ போடுவதற்காக யாராவது நெகடிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தால் காயிலின் இரண்டு சின்ன ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் கரண்ட் பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். சூட்டில் காயில் சோரும்போது அது காட்டிக்கொடுக்கும். காயில் தொட முடியாத அளவு கொதித்தால் அதன் ஓம்ஸை அளந்து பாருங்கள். வோல்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு போட வேண்டிய 1.5 ஓம் காயிலை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு 3 ஓம் காயில்தான் வேண்டும்.

ஊட்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: சார், கோவையில் வேலை பார்த்தோம், அங்கே ஸ்லோவில் அருமையாக ஓடியது. ஊட்டி வந்ததும் ஸ்லோ கரகரப்பு, பிளக் எல்லாம் கருப்பு.

பதில்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் செட் செய்த பெட்ரோல் இங்கே அதிகமாகிவிடுகிறது. வண்டி ஊட்டியிலேயே இருக்குமென்றால் மிக்ஸ்சரைக் குறைத்து, ஜெட்டையும் ஒரு சைஸ் சின்னதாக்குங்கள். போய்வரத்தான் என்றால் ஸ்லோவை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விடுங்கள். சிறிய ஜெட்டோடு கோவை வெயிலில் மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டினால் வால்வுக்கு ஆகாது.

திருச்சி, மோரிஸ் மைனர்: ஐயா, என்ஜின் ஏற்றிய முதல் நாளே டிராக்டர் மாதிரி சத்தம். 2, 3 பிளக் நனைந்திருக்கிறது. கார்பரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெடிக்கிறது. கம்ப்ரஷன் நாலிலும் சமமாக இருக்கிறது.

பதில்: கம்ப்ரஷன் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி, பாதி வேலை மிச்சம். கோளாறு ஹெட் கேஸ்கெட்டில் இல்லை. பிளக் ஒயரை 1, 3, 4, 2 என்ற வரிசையில்தான் மாட்டியிருப்பீர்கள், ஆனால் கடிகாரம் சுற்றும் திசையில். இந்த டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எதிர்த் திசையில் சுற்றுகிறது. திசை மாறினால் 1ம் 4ம் தற்செயலாகச் சரியான இடத்திலேயே இருக்கும், 2ம் 3ம் இடம் மாறிவிடும். ஆகவே என்ஜின் இரண்டு சிலிண்டரில் ஓடும், உங்களுடையது ஓடுவது போலவே. அந்த இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டுங்கள், நனைந்த பிளக்கைக் காய வைத்துப் போடுங்கள்.

கோவை, அம்பாசடர்: பாயிண்ட் தொல்லையே வேண்டாமென்று எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடலாமா? ஸ்லோவில் விட்டு விட்டு மிஸ் அடிக்கிறது.

பதில்: போடலாம், ஆனால் மிஸ்ஸிங்குக்கு மருந்தாகப் போடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், டைமிங்கும் (பொறி அடிக்கும் நேரம்) அங்கே இங்கே அலையும். டைமிங் லைட்டில் புல்லி மார்க் நடுங்குவது நன்றாகத் தெரியும். கிட் இதைக் கொஞ்சம் மறைக்கும், சரிசெய்யாது. முழு என்ஜினையும் பிரித்து வேலை பார்க்கிறவர்கள்கூட டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்டிவிடுகிறார்கள், எனக்கு இது ஆறாத வருத்தம்.

பாயிண்ட்டோடு ஓட்டுவதென்றால் இடைவெளி 0.015 அங்குலம். புதுப் பாயிண்ட்டின் ஹீல், கேம் மேல் உரசும் இடத்தில் துளி கிரீஸ் வையுங்கள். வைக்காவிட்டால் ஹீல் தேய்ந்து இடைவெளி மூடிக்கொண்டே வரும், அதோடு டைமிங்கும் பின்தங்கும்.

பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன ஒயர்கள்: பாயிண்ட்டுக்கு வருவது ஒன்று, பேஸ் பிளேட்டின் எர்த் இன்னொன்று. வேக்கம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே நகர்த்தும் பகுதி) இழுக்கும்போதெல்லாம் பிளேட் நகர்கிறது, இந்த ஒயர்கள் மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியில் பார்க்க முழுசாக இருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும், மிதித்ததும் நொடி நேரம் கரண்ட் போய் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெல்ல இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே கம்பி இல்லை. மாற்றும்போது நுண்ணிய இழைகள் கொண்ட வளையும் ஒயரைப் போடுங்கள், வீட்டு ஒயரிங் கம்பியை அல்ல. வேக்கம் அட்வான்ஸ் டியூபை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சு நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அது ஒரு காற்றுக் கசிவும்கூட.

காரைக்குடி, அம்பாசடர்: எல்லாம் பார்த்துவிட்டேன் அண்ணா. வேக்கம் கேஜ் மாட்டினால் 14 அங்குலத்தில் அசையாமல் நிற்கிறது. ஸ்லோ வைக்க த்ராட்டிலை நிறையத் திறக்க வேண்டியிருக்கிறது. பிக்கப்பும் மந்தம்.

பதில்: மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் இந்தக் கேஜை மாட்டியது நல்ல காரியம். சமவெளியில் ஆரோக்கியமான என்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஒரே தாளத்தில் விட்டு விட்டு இறங்கினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. உங்களுடையது அசையாமல் குறைவாக நிற்கிறது, ஆகவே எல்லா சிலிண்டருக்கும் பொதுவான குறை.

டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பக்கம் (பொறி முன்னதாக வரும்படி) திருப்புங்கள். முள் 18க்குப் போய் ஓட்டமும் சீரானால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான். லைட் வைத்து முறைப்படி செட் பண்ணுங்கள். முள் கொஞ்சம்தான் ஏறுகிறது என்றால் கார்பரேட்டர் ஃபிளேஞ்ச் கேஸ்கெட்டில் கசிவு பாருங்கள், அதுவும் நாலு சிலிண்டருக்கும் பொது. அதுவும் இல்லையென்றால் வால்வு டைமிங் செயின் ஒரு பல் தவறி ஏறியிருக்க வேண்டும். கிராங்க் வீலில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் எப்போதும் சோம்பலாக இருக்கும்.

கவரைத் திறக்காமலே ஓரளவு பார்க்கலாம். 4வது சிலிண்டர் வெடிக்கும் நிலையில் டிடிசி மார்க்கை (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறி) நேராக வையுங்கள். அப்போது 1வது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய சம அளவில் லேசாகத் திறந்திருக்கும். அந்தச் சமநிலை டிடிசியை விட்டு வெகுதூரம் தள்ளி வந்தால் கவரைத் திறந்து இரண்டு வீலிலும் உள்ள புள்ளிகளைப் பாருங்கள். திறக்க வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். இந்தக் குறையோடு கார்பரேட்டரைத் திருகி ஒரு பயனும் இல்லை.

சேலம், ஃபியட் 1100: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் எல்லாத்துக்கும் காரணம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எல்லாவற்றுக்கும் இல்லை, ஆனால் பங்கு உண்டு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று தேவை. இ10க்கு சுமார் 14.1, இ20க்கு சுமார் 13.5. பழைய ஜெட் பழைய அளவே பெட்ரோல் தருவதால் கலவை மெலிகிறது, அது முதலில் தெரியும் இடம் ஸ்லோதான். உங்கள் சோலெக்ஸில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து, போதாவிட்டால் ஸ்லோ ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். மெயின் ஜெட்டையும் பிளக் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். எஸ்.யு. என்றால் நட்டை ஓரிரு முகம் இறக்கலாம், முழு வேகத்துக்கும் சரிவர வேண்டுமானால் கனமான கலவை தரும் நீடில்.

பழைய ரப்பர் குழாய், பம்பு டயாஃப்ரம், கார்க் சீல் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். உப்பி உதிரும் ரப்பர்தான் ஜெட்டை அடைக்கிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் டேங்க் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து இறங்கிவிடும். அந்த டேங்கோடு ஸ்டார்ட் செய்து டியூனிங் பார்க்காதீர்கள், வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதோடு பழைய விஷயம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. ஹெட் வேலையின்போது எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் ரிங் போடாமல் விட்டிருந்தால் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், டேப்பெட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். செட் பண்ணி வைத்த டேப்பெட் திரும்பத் திரும்ப இறுக்கமாகிறது என்றால் அடுத்த வேலை ஹெட்தான்.

ஈப்போ, மலேசியா, 1972 ஃபோக்ஸ்வாகன் பீட்டில்: ஐயா, என் காடி ட்வின் போர்ட் என்ஜின். ஈப்போவில் ஓகே. கேமரன் மலை ஏறினால் காலையில் ஜங்ஷனில் நின்றுவிடும்.

பதில்: மேனிஃபோல்டுக்கு அடியில் எக்ஸாஸ்ட் சூட்டைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் இருக்கிறது. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். கொதிக்க வேண்டும். கார்பரேட்டருக்குக் கீழே வியர்த்து ஜில்லென்று இருந்தால் அந்தக் குழாய் கரியால் அடைத்திருக்கிறது. கேமரனின் குளிர்ந்த ஈரக் காற்றில் கார்பரேட்டருக்குள் பனி கட்டிவிடும். கரியை எடுத்தால் போதும். அதோடு, கார்பரேட்டரில் உள்ள மின் கட்ஆஃப் வால்வு சாவி போடும்போது 'டிக்' என்கிறதா, மேனிஃபோல்டின் இரண்டு ரப்பர் இணைப்பும் வெடிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விழுப்புரம், அம்பாசடர்: சர்வோ பிரேக் மாட்டினேன். பிரேக் மிதித்தால் என்ஜின் ஆஃப்.

பதில்: சர்வோவுக்கு (என்ஜினின் உறிஞ்சலால் பிரேக்குக்குப் பலம் சேர்ப்பது) போகும் வேக்கம் ஹோஸைக் குறடால் நசுக்கிப் பிடித்து, என்ஜின் ஸ்லோவில் ஆஃப் ஆகாமல் ஓடுகிறதா என்று வண்டி நின்ற இடத்திலேயே பாருங்கள். ஓடினால் சர்வோ டயாஃப்ரம் அல்லது ஹோஸ் கசிகிறது. ஹோஸை அடைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

தஞ்சாவூர், பத்மினி: அடுத்த வாரம் முதல் ஸ்டார்ட். எவ்வளவு நேரம் ஸ்லோவில் ஓடவிட வேண்டும்?

பதில்: விடவே கூடாது. புதுக் கேம்ஷாஃப்டும் அதன் மேல் உட்காரும் டேப்பெட்டும் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் 2,000 ஆர்பிஎம் அளவில் வைத்திருங்கள். ஸ்லோவில் கேமுக்கு எண்ணெய் போதாது, அங்கேயே முகம் தேயும். ஆகவே ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே டைமிங், ஒயர் வரிசை, ரேடியேட்டர் தண்ணீர், கார்பரேட்டரில் பெட்ரோல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் வரும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் என்ஜின் இறுக்கமாகத்தான் இருக்கும், ஸ்லோவைச் சற்று அதிகமாக வைத்து ஓட்டுங்கள். பிறகு ஹெட் டைட், டேப்பெட், அதன் பின் ஸ்லோ.

யாழ்ப்பாணம், மறுபடி: அண்ணை, நிண்ட இடத்திலேயே பிளக் வைச்சுப் பார்த்தன். மஞ்சள் நெருப்புத்தான். பழைய கண்டன்சரை எடுத்துப் போட்டவுடன ரெண்டு மணித்தியாலம் நிக்காமல் ஓடினது. கழட்டினது புதுக் கண்டன்சர், போட்டு ஒரு மாதமும் இல்லை.

பதில்: இப்போது கடைகளில் வரும் கண்டன்சர்களில் இது சாதாரணமாக நடக்கிறது. புதுசு என்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருக்கும், அதை மெல்லிய அரத்தால் சமப்படுத்தி இடைவெளியை மறுபடி வையுங்கள். பழையதை அப்படியே வண்டியில் விட்டுவிடுங்கள். இன்னும் ஒன்று வாங்கினால் அதையும் வண்டியில் மாட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு கழற்றி உதிரியாக டிக்கியில் வையுங்கள். ஓட்டிப் பார்க்காத கண்டன்சரை உதிரி என்று எடுத்துக்கொண்டு தூரம் போகாதீர்கள்.